மாலை போட்ட மறுநாள்

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் யாராவது ஓய்வு பெறுகிறார் என்றால், அந்த ஆளைவிட அதிகமாகப் பதறுகிற ஒருவர் அங்கே இருந்தார். டைம் ஆபீஸ் குமாஸ்தா விக்டர். ரோஜா மாலைக்குச் சொல்லியாயிற்றா, போட்டோக்காரர் மறந்துவிடுவாரோ, நடு நாற்காலிக்குக் கைப்பிடி இருக்கிறதா, பாண்டு செட்டுக்காரர்கள் ஏதாவது கல்யாணத்துக்குப் போய்விடுவார்களோ என்று ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே அவருக்குச் சோறு இறங்காது.

ஒர்க்‌ஷாப் பிரிவு உபசாரம் என்றால் அதற்கு ஒரு வரிசை உண்டு. மாலை, சந்தனம், காராசேவு, காப்பி. பிறகு குரூப் போட்டோ. பிறகு விக்டரின் நன்றியுரை. கடைசியில் எல்லோரும் சேர்ந்து வாங்கிய சாய்வு நாற்காலியைப் பரிசாகக் கொடுத்து, அதைத் தட்டுவண்டியில் ஏற்றி, ஓய்வு பெற்றவரை முன்னால் நடக்கவிட்டு, பாண்டு வாசித்துக்கொண்டே வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விடுவது. எத்தனையோ பேரை விக்டர் அப்படிக் கொண்டுபோய் விட்டார். ஒருநாள் அவரையும் கொண்டுபோய் விட்டார்கள்.

அன்றைக்கு எடுத்த போட்டோவில் எல்லார் முகமும் தெளிவாக இருக்கும். நடு நாற்காலியில் இருப்பவர் முகம் மட்டும் கலங்கிப்போயிருக்கும். பாண்டு செட் வந்துவிட்டதா என்று கடைசி நொடியில் திரும்பிப் பார்த்திருக்கிறார்.

விக்டர் வீட்டு மாடியில்தான் அப்போது நாங்கள் குடியிருந்தோம், பாலக்கரையில். சாய்வு நாற்காலி கீழே கூடத்தில் கிடந்தது. அவர் அதில் சாய்ந்து நான் பார்த்ததில்லை. அவர் மனைவி அக்னஸ் அம்மாள் துவைத்த துணியை மடித்து அதன்மேல் அடுக்கிவைப்பார். கீழே எந்நேரமும் செருப்புச் சத்தம் கேட்கும். வாசலுக்குப் போகும், கொல்லைக்குப் போகும், திரும்ப வாசலுக்கு வரும்.

"என்னங்க, செத்த ஒக்காருங்களேன். உங்களப் பாத்துப் பாத்து எனக்குத் தலை சுத்துது."

"ஒக்காந்தா எதையோ மறந்துட்டாப்புல இருக்கு அக்னஸ்."

"என்னத்த மறந்தீங்க?"

"அதான் தெரியல."

அக்னஸ் அம்மாளின் சித்தப்பா உடம்பு சரியில்லாமல் புத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் இந்தச் செருப்புச் சத்தத்துக்கு ஒரு போக்கிடம் கிடைத்தது. முசிறி, துறையூர், மணப்பாறைப் பக்கத்திலிருந்து நோயாளிகளோடு வந்தவர்கள் ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சாரியில் மரத்தடிகளில் தங்கியிருந்தார்கள். நோயாளிக்கு ஆஸ்பத்திரி சோறு போடும். கூட வந்தவர்களுக்கு யார் போடுவார்கள்? அங்கே ஒரு கீற்றுக் கொட்டகையில் ஓர் அம்மாள் பெரிய அண்டாவில் நொய்க்கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். விடியற்காலை. விக்டர் நின்று பார்த்தார்.

"சும்மா நிக்கறதுக்குத்தான் வேப்பமரம் இருக்கே. நீ எதுக்குய்யா? அந்தக் கொடத்தத் தூக்கு."

அது ராக்கம்மாள். உறையூர்க்காரர், கணவரை இழந்தவர், விக்டரைவிடச் சில வயது மூத்தவர். விக்டர் குடத்தைத் தூக்கினார். மறுநாளும் போனார். அதற்குப் பிறகு ஒருநாளும் அவர் போகாமல் இருந்ததில்லை.

ராக்கம்மாள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. வெறும் குமாஸ்தாதான். "ஏய்யா குமாஸ்தா, வெறகு ஈரம். ஒன் ஆபீஸ்ல இப்புடித்தான் எரிப்பீங்களா?" "குமாஸ்தா, கரண்டிய அப்படிப் புடிக்காத, பேனா இல்ல அது." விக்டர் கொட்டகைக்கு 'புத்தூர் கஞ்சித் தொண்டர் சங்கம்' என்று பலகை எழுதி மாட்டியபோது, "பலகை வேகுமா? வெந்தா சொல்லு, இதுலயே போட்டுடலாம்" என்றார். விக்டருக்கு அந்தக் குரல் கேட்டால்தான் காலையில் பசியே எடுக்கும்.

நொய் காந்தி மார்க்கெட் அரிசி மண்டி பெரியண்ணன் வாராவாரம் வண்டியில் அனுப்பியது. தொட்டுக்கொள்ள நார்த்தங்காய் ஊறுகாய் ஸ்ரீரங்கம் உத்திர வீதி சடகோபன் வீட்டிலிருந்து வந்தது. திங்கட்கிழமைதோறும் முதல் பஸ்ஸில் கண்டக்டரிடம் சாடியைக் கொடுத்துவிடுவார், கண்டக்டர் புத்தூரில் இறக்கிவைப்பார். இதற்கெல்லாம் ஓர் ஒப்பந்தமோ கையெழுத்தோ கிடையாது. யாரும் யாரிடமும் நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதும் கிடையாது. மூன்று வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது.

அதுதான் விக்டரை அரித்தது.

"இவ்வளவும் சும்மா வருது அக்னஸ். யாரும் யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லல. ஒருநாள் மனசு விட்டுப்போயி எல்லாரும் நிறுத்திட்டா?"

"நேத்து வந்தவங்க நாளைக்கும் வருவாங்க. நீங்க எதையாவது தோண்டாம இருங்க."

அவரால் தோண்டாமல் இருக்க முடியவில்லை. பெரியண்ணனின் வண்டி ஒருநாள் கொஞ்சம் தாமதமாக வந்தது. அன்றே முடிவு செய்துவிட்டார், நன்றி அறிவிப்பு விழா எடுத்தே தீரவேண்டும் என்று. எப்படி எடுப்பது? அவருக்குத் தெரிந்த விழா ஒன்றுதான்.

அது அறுபத்திரண்டாம் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. ஒரு பள்ளிக்கூடத்து ஹாலை வாங்கியிருந்தார். மாலை, சந்தனம், காராசேவு, காப்பி. பெரியண்ணனுக்குச் சால்வை. சடகோபனுக்குச் சால்வை. யார் பெயராவது விட்டுப்போயிற்றா என்று மேடைக்கும் வாசலுக்குமாக நடந்தார். ராக்கம்மாளை நடு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பெரிய ரோஜா மாலை. போட்டோக்காரர், "அம்மா, கொஞ்சம் சிரிங்க" என்றபோது ராக்கம்மாள் விக்டரைத்தான் பார்த்தார். அந்த அம்மாள் வெட்கப்படுகிறார் என்று எல்லோரும் நினைத்தோம்.

பிறகு நன்றியுரை. பொன்மலையில் எத்தனையோ தடவை சொல்லி வாய் பழகிப்போன உரை. தொடங்கியது மட்டும்தான் விக்டர், மீதியை வாய் தானாகவே சொல்லி முடித்தது.

"...அம்மையார் அவர்கள் இத்தனை காலம் ஆற்றிய அரும்பணிக்கு நன்றி கூறி, இனிவரும் நாட்களை நல்ல உடல்நலத்தோடும் நிறைவான ஓய்வோடும் கழிக்க எல்லாம்வல்ல இறைவனை வேண்டி அமர்கிறேன்."

கைதட்டல். சாய்வு நாற்காலி மேடைக்கு வந்தது. பிறகு தட்டுவண்டிக்குப் போனது. பாண்டு செட் வாசித்துக்கொண்டே ராக்கம்மாளை உறையூர்ச் சந்து வரை கொண்டுபோய் விட்டது. எதுவும் விட்டுப்போகவில்லை. அன்றைக்கு விக்டர் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டதாக அக்னஸ் அம்மாள் என் அம்மாவிடம் சொன்னார்.

திங்கட்கிழமை விடியற்காலை விக்டர் போனபோது அடுப்பில் பூனை படுத்திருந்தது.

வெளிச்சம் வரத் தொடங்கியது. மரத்தடியிலிருந்து ஒவ்வொருவராகத் தூக்குவாளியும் செம்புமாக வந்து வரிசையில் நின்றார்கள். ராக்கம்மாள் வரவில்லை. உடம்பு சரியில்லையோ? பெரியண்ணனின் வண்டியும் வரவில்லை. முதல் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கையை விரித்துக் காட்டிவிட்டு விசிலடித்தார். ஊறுகாயும் இல்லை.

முந்தின வாரத்து நொய் மூட்டையின் அடியில் கொஞ்சம் கிடந்தது. விக்டர் அடுப்பை மூட்டினார். கஞ்சி காய்ச்சுவதில் என்ன இருக்கிறது, தினமும் பக்கத்தில் நின்று பார்த்ததுதானே. மேலே தண்ணீராகவும் அடியில் கரியாகவும் ஒன்று வந்தது. வரிசையில் முதலில் நின்ற கிழவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆத்தா செத்துருச்சா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, இல்லீங்க" என்று விக்டர் அலறினார்.

அங்கிருந்து நேரே காந்தி மார்க்கெட். பெரியண்ணன் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். நேற்றைய சால்வை மடிப்புக் கலையாமல் பின்னால் ஆணியில் தொங்கியது.

"வாங்க சார். நேத்து விசேஷம் ரொம்பப் பிரமாதம். பாண்டெல்லாம் வச்சு."

"வண்டி வரலீங்களே?"

"எந்த வண்டி?"

"கஞ்சிக்கு நொய் வண்டி."

பெரியண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். "அதான் நேத்தோட முடிச்சுட்டீங்களே. சால்வை போத்தி, மைக்குல நன்றி சொல்லி, அந்தம்மாளயும் வழியனுப்பிட்டீங்க. சரி, நல்லபடியா முடிச்சாங்கன்னு நெனச்சேன். மாரியம்மன் கோயில் அன்னதானத்துக்கு ஆள் கேட்டாங்க, வண்டிய அங்க திருப்பிட்டேன்."

"முடியலீங்க! முடிக்கறதுக்காகச் சொல்லல!"

"அப்ப எதுக்கு சார் சொன்னீங்க?"

விக்டருக்கு வேர்த்துவிட்டது. அங்கே நின்றபடியே நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

இதை எழுதுகிறபோது எனக்கும் கொஞ்சம் வேர்க்கிறது. நான் இப்போது இருக்கும் வெளிநாட்டு ஊரில் ஒரு வீட்டில் விருந்து சாப்பிட்டால் மறுநாளே நன்றி அட்டை எழுதித் தபாலில் போட வேண்டும். போடாவிட்டால் மரியாதை இல்லை. நன்றி சொல்லும் பாஷை, சொல்லாத பாஷை இரண்டும் படித்தாயிற்று, அட்டையும் போடுகிறேன். பெட்டிக்குள் அது விழும் சத்தம் கேட்டதும் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்க்கிறேன். சரி, இவனோடு முடிந்தது என்று நினைத்துவிடுவார்களோ?

பெரியண்ணன் நல்ல மனுஷர். கோயிலுக்கும் அனுப்பி இங்கேயும் அனுப்புவதாகச் சொன்னார். "ஆனா இனிமே ஒண்ணும் போத்தாதீங்க சார். போத்தினா எனக்கு நிறுத்தணும்போல இருக்கு."

விக்டர் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனார். காவேரிப் பாலத்தில் மாட்டுவண்டிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தது. இறங்கி நடந்தே போய்விடலாமா என்று அவர் இரண்டு தடவை படி வரை வந்து திரும்பியதாகக் கண்டக்டர் பிற்பாடு சொல்லிச் சிரித்திருக்கிறார்.

சடகோபன் திருமண் இட்டுக்கொண்டிருந்தார். பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வாங்கோ. இன்னும் ஏதாவது மிச்சம் வச்சிருக்கேளா எனக்குப் போர்த்தறதுக்கு?"

"சாமி, ஏதும் தப்பாயிடுச்சுங்களா? சாடி வரல."

"ஓய், நான் பெருமாளுக்குப் பண்றேன்னு நெனச்சிண்டு அனுப்பிண்டிருந்தேன். கைங்கர்யம். நீர் என்ன பண்ணினீர்? மேடையில நிக்கவச்சு, சடகோபன் பண்ணினான், சடகோபன் பண்ணினான்னு மைக் வச்சுச் சொன்னீர். இப்ப அந்த ஊறுகா யாருது?"

"உங்களுதுதானே சாமி?"

"அதான் ஓய் கஷ்டம்! மூணு வருஷமா அது என்னுது இல்லே. நேத்து சாயங்காலம் என்னுதாப் போயிடுத்து. நேத்து நான் சந்தோஷப்பட்டுட்டேன், தெரியுமோ? ஆத்துக்கு வந்து கண்ணாடியில சால்வையோட பார்த்துண்டேன். அப்புறம் எப்படி அனுப்பறது?"

விக்டர் கைகட்டி நின்றார். "நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க."

சடகோபன் யோசித்தார். "காலிச் சாடியைத் திருப்பி அனுப்பறேளே, அது எப்படி வர்றது தெரியுமோ? உள்ளே எண்ணெய், வெளியே கரி. எங்காத்துல தினம் அதுக்கு அர்ச்சனை. அதை அலம்பி, வெயில்ல காயவச்சு அனுப்பும். அது போறும் எனக்கு. வேற ஒண்ணும் வேண்டாம்."

சாயங்காலம் உறையூர்ச் சந்துக்குள் நுழைந்தபோது விக்டரின் நடை மெதுவாயிற்று. மற்றவர்கள் தராவிட்டால் ஊறுகாய் இல்லாமல் குடிக்கலாம், நொய்யை வேறு கடையில் கேட்கலாம். அந்த அம்மாள் வராவிட்டால் கொட்டகை இல்லை. ஒரு வாரம் தாங்காது. அது அவருக்குத் தெரியும்.

ராக்கம்மாள் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வாங்க சார்" என்றார்.

விக்டருக்குத் திக்கென்றது. சார்!

"உள்ள வாங்க சார். ஒக்காருங்க. காப்பி சாப்பிடறீங்களா?"

"அக்கா, ஒடம்புக்கு ஏதும்..."

"நல்லா இருக்கேன் சார். ஒங்க புண்ணியத்துல. வீட்ல அம்மா சௌக்கியங்களா?"

உள்ளே நேற்றைய சாய்வு நாற்காலி சுவரோரம் மடித்தபடி நின்றது. அதன் மேல் கோழி ஒன்று உட்கார்ந்திருந்தது. விக்டர் பெஞ்சில் உட்கார்ந்தார். காப்பி வந்தது. எதிர்ச்சுவரில் ஒரு குரூப் போட்டோ, காய்ந்த பூச்சரத்தோடு. பணிமனைக் கட்டடம், வரிசையாக ஆட்கள், நடு நாற்காலியில் கழுத்து நிறைய ரோஜா மாலையோடு ஒரு மீசைக்காரர். ஓரத்தில் கையில் கடிகாரத்தோடு நிற்பது யார்? விக்டர் எழுந்து கிட்டே போனார். அவரேதான்.

"பாய்லர் ஷாப் பிச்சமுத்து" என்றார் மெதுவாக. "பிச்சமுத்து அண்ணன்... நீங்க அவரு வீட்டுக்காரங்களா? சொல்லவே இல்லையே அக்கா."

"பேரச் சொல்லுவனா நானு? நீங்களும் கேக்கல." ராக்கம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அப்ப பொன்மலைப் பக்கம் குடியிருந்தோம். அவரயும் இப்படித்தான் கொண்டாந்து விட்டீங்க. பாண்டு வாசிச்சுக்கிட்டு. மறுநாள் காலையில சங்கு ஊதினதும் எந்திரிச்சு சட்டைய மாட்டிட்டாரு. எங்க போறீங்கன்னேன். வந்து அவருக்கு நீங்க குடுத்த நாக்காலில சாஞ்சாரு. வருசம் திரும்பல. இன்னொரு மாலை."

விக்டர் காப்பியைக் கையில் வைத்தபடி நின்றார்.

"மாலை போட்டவங்க மறுநாள் உள்ள போனதுண்டா சார்? நீங்கதான் அத்தன பேருக்குப் போட்டீங்களே, சொல்லுங்க. அதான் நான் வரல. வயசானவளுக்கு மரியாதையா சொல்லி அனுப்பிட்டீங்க. எங்கிட்ட ஒரு வார்த்த முன்னாடியே சொல்லியிருந்தா, அந்தக் கஞ்சித் துடுப்ப யாருகிட்ட குடுக்கறதுன்னு நானே பாத்துக் குடுத்திருப்பேன்."

அப்படியில்லை என்று விக்டர் எத்தனை தடவை சொன்னாரோ. எல்லாவற்றுக்கும் அந்த அம்மாள் தலையாட்டினார். "சரிங்க சார்." "நல்லதுங்க சார்." கடைசியில் வாசல் வரை வந்து, "பாத்துப் போங்க சார்" என்றார்.

அக்னஸ் அம்மாளிடம் வந்து விக்டர் சொன்னது ஒன்றுதான். "அந்தம்மா என்னத் திட்டல அக்னஸ்."

செவ்வாய்க்கிழமை காலை அக்னஸ் அம்மாளே கூடப் போனார். வீட்டுச் சமையல் வேறு, அண்டாச் சமையல் வேறு. நொய் வந்துவிட்டது, ஆனால் கஞ்சி மறுபடியும் அடிப்பிடித்தது. தீய்ந்த வாடை ஆஸ்பத்திரி வாசல் வரை போயிற்று. வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் செம்பைக் கவிழ்த்துக்கொண்டு மரத்தடிக்கே திரும்பினார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி மட்டும் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். அதைத்தான் விக்டரால் பார்க்க முடியவில்லை.

ஒரு தூக்குவாளியில் அந்தக் கஞ்சியை ஊற்றிக்கொண்டு ஏறக்குறைய ஓடினார். உறையூர்ச் சந்துக்குள் அவர் நுழைந்தபோது சட்டை முழுக்கக் கரி. வாளியை ராக்கம்மாள் முன்னால் வைத்தார்.

"என்ன சார் இது?"

"கஞ்சி."

ராக்கம்மாள் மூடியைத் திறந்தார். மூக்கைச் சுளித்தார். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். அப்படியே வாசலில் துப்பினார்.

"யாரு இதப் பொசுக்குனது?"

"நாந்தான். நானும் அக்னசும்."

"நொய்யக் கொட்டினப்புறம் வெறக வெளிய இழுக்கலியா?"

"இழுக்கணுமா?"

"இழுக்கணுமாவா!" சந்தில் இரண்டு கதவுகள் திறந்தன. "மூணு வருசமா பக்கத்துலயே நின்னு எதய்யா பாத்துக்கிட்டிருந்த? காக்காவயா? இதயா ஊத்துன அந்த சனங்களுக்கு? புள்ள பெத்தவ இருக்கா, வவுத்துப் புண்ணுக்காரன் இருக்கான். இத மாடு குடிக்குமாய்யா? கையெழுத்துப் போடற கையில துடுப்பக் குடுத்தா இந்தக் கதிதான். அண்டாவ என்ன பண்ண? அடிய வறட்டு வறட்டுன்னு சொரண்டியிருப்பியே?"

"கொஞ்சம் சொரண்டினேன்."

"சொரண்டிட்டியா! போச்சு! பூசின ஈயம் போச்சு!" அவர் உள்ளே போனார், வெளியே வந்தார், திரும்ப உள்ளே போனார். முந்தானையை வரிந்து கட்டினார். "இந்த லட்சணத்துல ஓய்வாம் ஓய்வு. யாருய்யா கேட்டா ஒங்கிட்ட ஓய்வு? ஏய்யா குமாஸ்தா, மரம் மாதிரி நிக்கிறியே, அந்தக் கோழிய வெரட்டு. நாக்காலியத் தூக்கு."

"எங்க வைக்கறது அக்கா?"

"என் தலையில வய்யி. கொட்டாயிக்குத்தான். அந்தக் கைப்புள்ளக்காரி தரையில ஒக்காந்து பாலு குடுக்கறா, போன வாரமே பாத்தேன். அவளுக்கு ஆவும்."

விக்டர் கோழியை விரட்டினார். நாற்காலியைத் தோளில் ஏற்றினார். முன்னால் ராக்கம்மாள் திட்டிக்கொண்டே நடக்க, பின்னால் அவர் நடந்தார். பாண்டு இல்லை. சந்து முழுக்க வேடிக்கை பார்த்தது. ஒரு பெண், "என்னா ராக்கம்மா, முந்தாநேத்துதான் மாலையும் கழுத்துமா வந்தே?" என்று கேட்டாள். "அது கெடக்கு. இவன் அண்டாவப் பொசுக்கிட்டான்டி" என்றார் ராக்கம்மாள், நிற்காமல்.

அன்று சாயங்காலம் பாலக்கரை வீட்டுக் கூடத்திலிருந்த நாற்காலியும் போயிற்று. துணியை எங்கே மடித்து வைப்பது என்று அக்னஸ் அம்மாள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார்.

புதன்கிழமை நானும் அம்மாவும் பார்க்கப் போனோம். மரத்தடியில் இரண்டு சாய்வு நாற்காலிகள் போட்டிருந்தன. ஒன்றில் கைக்குழந்தையோடு அந்தப் பெண். இன்னொன்றில், ஆத்தா செத்துவிட்டதா என்று கேட்ட கிழவர், வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். கஞ்சியில் சுக்கு வாசனை. விக்டர் சாடி ஒன்றைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, வெயில் எங்கே விழுகிறது என்று அதைத் தூக்கிக்கொண்டு கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு இடத்தில் வைப்பார், நிழல் வந்துவிடும் என்று எடுத்து வேறு இடத்தில் வைப்பார்.

"ஏய்யா குமாஸ்தா, அந்தச் சாடிய ஒரு எடத்துல வச்சுத் தொலையேன். எனக்குத் தலை சுத்துது."

"காயணும்ல அக்கா?"

"காயும். நீ வந்து வெறக இழு."

அவர் போய் விறகை இழுத்தார்.